இதயத்தைச் சுற்றி நீர் கோர்ப்பது ஏன்? ஒரு டம்ளர் அளவே உயிருக்கு ஆபத்தாகுமா?

படுத்தால் மூச்சு முட்டுது. எழுந்து முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. இதை 'கேஸ் தொல்லைதான்' என்று சோடா குடித்துச் சமாளிப்பவர்கள் அதிகம். ஆனால், இதயத்தைச் சுற்றி நீர் கோர்த்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

இதயத்தை மூடியிருக்கும் இரட்டை உறைக்குப் பெயர் பெரிகார்டியம். அதற்குள் 15 முதல் 50 மி.லி. வரை திரவம் இருப்பது இயல்புதான். இதயம் உரசாமல் துடிக்க அது வேண்டும். அளவுக்கு மீறிச் சேர்ந்தால்தான் சிக்கல்.

இதில் எவ்வளவு நீர் என்பதைவிட, எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதே முக்கியம். வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் உறை விரிந்துகொடுத்து ஒரு லிட்டரைக்கூட தாங்கும். சட்டென்று சேர்ந்தால் 200 மி.லி.யே போதும். இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க முடியாமல் திணறும். பிரஷர் இறங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், மயக்கம் வரும். இதற்கு 'டாம்போனேட்' என்று பெயர். அப்போது யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு குறைபாடு, வைரஸ் தொற்று எனக் காரணங்கள் பல. ஆனால் நம் நாட்டில் டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பவற்றில் ஒன்று டிபி. இருமலே இல்லாமலும் டிபி இதய உறையைத் தாக்கும்! சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் கவனம் தேவை.

எக்கோ பரிசோதனையில் நீர் இருப்பது தெரிந்துவிடும். ஆபத்தான நிலை என்றால் எக்கோவில் பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி நீரை எடுப்பார்கள். கொஞ்சம் எடுத்தாலே மூச்சு சீராகத் தொடங்கும். எடுத்த நீர் லேபுக்குப் போகும். கால் வீங்குதே என்று மெடிக்கலில் நீர் மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. டாம்போனேட் இருந்தால் அது பிரஷரை இன்னும் இறக்கிவிடும்.

வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடுத்தது மதுரை ராஜாஜி மருத்துவமனை.

டிபி உறுதியானால் ஊசியோடு வேலை முடியாது. குறைந்தது 6 மாதம் மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வரும் (2024 நவம்பர் வரை ரூ.500). மூச்சு சரியானதும் மாத்திரையைப் பாதியில் விடுவதுதான் பெரிய பிரச்சினை. உறை தடித்து இதயத்தை இறுக்கிவிட்டால், பிறகு ஆபரேஷன் செய்து அந்த உறையையே அகற்ற வேண்டியிருக்கும்.