கன்னிப்பூவும் ஏழு இரவும் - காலத்தை விலைக்கு வாங்கிய கதை

ஒரு சொத்தை முழுவதுமாக வாங்காமல், அதை அனுபவிக்கும் காலத்தை மட்டும் விலைக்கு வாங்க முடியுமா? 'டைம்ஷேர்' என்ற பெயரில் உல்லாச விடுதிகள் விற்கிற இந்த யோசனை மேல்நாட்டுச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தோவாளைப் பக்கத்தில் இது பழைய சங்கதி.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாக்களும் சேர்ந்ததே நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. இங்கே நெல் சாகுபடிக் காலத்தை 'பூ' என்றே சொல்வார்கள். புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, மாசியில் அறுப்பது கும்பப்பூ. மலையாள மாதப் பெயர்கள் வயலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன!

சொந்த வயல் இல்லாதவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாட்டம். விளைச்சலில் இத்தனை கோட்டை நெல் என்று பேசி அளந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது. மற்றொன்று ஒற்றி, பேச்சு வழக்கில் ஒத்தி. வட மாவட்டங்களில் போக்கியம் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை நிலத்தின் பலனை அனுபவிக்கலாம். பணத்துக்கு வட்டி கிடையாது, நிலத்துக்கு வாடகை கிடையாது. இப்படிப் பிறர் நிலத்தில் உழுதவர்களின் உரிமை காலப்போக்கில் சட்டத்திலும் ஏறியது. 1865-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், அரசு நிலத்தில் பாட்டம் செய்தவர்களுக்கு அதை விற்கவும் அடகு வைக்கவும் உரிமை கொடுத்து ஒரு விளம்பரம் வந்தது. தனியார் ஜன்மி நிலங்களுக்கு 1896-ல் ஜன்மி குடியான் சட்டம் வந்தது.

விடுதிக் கதை இதற்கெல்லாம் மிகவும் பிந்தியது. 1963-ல் சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் தொடங்கியது. ஓரிடத்தில் வாங்கிய வாரத்தை வேறோர் இடத்தில் மாற்றிக்கொள்ள வசதி செய்யும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974-ல் அமெரிக்காவில் உருவானது. 1986-ல் சென்னையில் ஸ்டெர்லிங் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. 1996-ல் மகிந்திரா வந்து 25 வருட உறுப்பினர் திட்டத்தை விற்றது. கன்னிப்பூ, கும்பப்பூ மாதிரி இங்கேயும் பருவங்கள் உண்டு; அவற்றுக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்களின் பெயர். பள்ளி விடுமுறையில் போக விரும்பினால் விலை ஏறும்.

சரி, எந்த வழியில் வாங்கினால் எவ்வளவு ஆகும்? கணக்குக்காக 3 லட்சம் ரூபாய், 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக்காரர் 3 லட்சத்தை 25-ஆல் வகுத்து "வருடத்துக்கு வெறும் 12,000" என்பார். அந்தப் பணம் 8 சதவீத வட்டியில் இருந்திருந்தால் 25 வருடமும் ஆண்டுக்குச் சுமார் 28,100 எடுத்துச் சாப்பிட்டிருக்கலாம். இதோடு வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் 15,000 என்று வைத்தால், ஓர் இரவுக்குச் சுமார் 6,160 ரூபாய் ஆகிறது. போகாத வருடத்திலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்பதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள்.

தவணை இன்னும் மோசம். 60,000 முன்பணம் போக மீதியை 15 சதவீத வட்டியில் 4 வருடம் கட்டினால் 3 லட்சம் என்பது 3,80,000 ஆகிவிடும். வேறோர் உறுப்பினரிடமிருந்து, 15 வருடம் மிச்சமுள்ளதை 1 லட்சத்துக்கு வாங்கினால் அதே கணக்கில் ஓர் இரவு சுமார் 3,800 தான். பெயர் மாற்றக் கட்டணம் தனி. இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவனுக்கு இது லாபம் என்றால், முழு விலை கொடுத்துவிட்டு இப்போது விற்கிறவனின் கதி என்ன?

இதையும் தாண்டி, தங்காமலே பணம் பண்ணலாம் என்று கிளம்பிய திட்டங்களும் உண்டு. பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் விடுதி இரவுகளை விற்றது. தங்காவிட்டால் முடிவில் பணமாகத் தருவதாகச் சொன்னது. தமிழ்நாட்டிலும் ஏராளமானோர் கட்டினார்கள். இது அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவு செய்த செபி, 2016 பிப்ரவரியில் சுமார் 50 லட்சம் பேருக்கு 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட்டது.

உத்தரவு வந்ததும் பணம் வந்துவிடவில்லை. சொத்துகளை ஜப்தி செய்வதும் ஏலம் விடுவதுமாக வருடங்கள் ஓடின. ஒத்திக்குப் பிடித்தவனுக்கும் பணம் வரத் தாமதமாகலாம்தான். ஆனால் அது கைக்கு வரும்வரை அவன் வயலை விட்டு இறங்க வேண்டியதில்லை. அடுத்த பூவையும் அவனே அறுப்பான்.