பேர் போடப்படாத வேலை: சபரகமுவத் தோட்டங்களில் அடுப்பும் ஊசியும்

இலங்கைப் பெருந்தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளிற் பெரும்பாலானவை செக்றோலில் தொடங்கிச் செக்றோலிலேயே முடிவன. அந்நாளேட்டில் ஒரு தொழிலாளி வேலைக்கு வந்த நாள் ஒரு ‘பேர்’ ஆகப் பதியப்பட்டது. அளவு குறைந்தால் ‘அரைப் பேர்’. சம்பளம், அரிசி, கடன் யாவும் அப்பேரைக் கொண்டே கணிக்கப்பட்டன. ஆனால் பிரட்டுக்குச் செல்வதற்கு முன்னும் மாலையில் லயத்துக்குத் திரும்பிய பின்னும் பெண்கள் செய்த வேலைக்கு எக்காலத்திலும் எவரும் பேர் போட்டதில்லை. சமைத்தலும் தைத்தலும் ஆகிய அவ்விரு வேலைகளின் வரலாற்றைச் சபரகமுவ மாகாணத்தின் தென்கோடித் தோட்டங்களில் வைத்து நோக்குமிடத்து, மலையக மக்களின் வரலாற்றில் வேறு வழியாற் புலப்படாத சில உண்மைகள் தெளிவாகின்றன.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காவத்தையைத் தாண்டி அமைந்துள்ள சிறு பட்டினம் கொடகவெல. ஒருபுறம் இறக்குவானை மலைகள். மறுபுறம் தெற்கே வறண்ட சமவெளியை நோக்கி இறங்கும் நிலம். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளைப் போன்று தேயிலை மட்டுமே மலையை மூடிய இடமன்று இது. றப்பரும் தேயிலையும் கலந்து கிடப்பன. தோட்டங்களுக்கு இடையிடையே சிங்களக் கிராமங்களும் வயல்களும் உள. 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடையில் நாட்டப்பட்ட றப்பர்க் கன்றுகளின் வழிவந்த பயிர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் உலகச் சந்தை விலை உயர்ந்தபோது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் விரைந்து பரவிற்று. களனிவெளிப் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. அப்பாதையின் பயன் றப்பரைக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதோடு நிற்கவில்லை. இறக்குமதி அரிசியை உள்நாட்டுக்குக் கொணர்வதிலும் அதற்குப் பங்கிருந்தது.

அரிசியைப் பற்றி ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் தகும். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து வந்தோரிற் பலர் புன்செய் நிலத்து மக்கள். கம்பும் கேழ்வரகும் சோளமும் அவர்களது அன்றாட உணவு. நெற்சோறு நல்ல நாளுக்குரியது. கடல் கடந்து தோட்டத்தை அடைந்ததும் இந்நிலை தலைகீழாயிற்று. தோட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்டது அரிசி. அதன் விலை சம்பளக் கணக்கிற் கழிக்கப்பட்டது. கம்பங்கூழ் குடித்தோர் நாள்தோறும் சோறுண்ணும் நிலையை அடைந்தனர் என்று இதனைச் செழிப்பின் அடையாளமாகக் கொள்வது தவறாகும். எதனை உண்பது என்று தெரிவு செய்யும் உரிமை அடுப்படியிலிருந்து தோட்டக் களஞ்சியத்துக்கு மாறியது என்பதே இதன் பொருள். தான் விதைக்காத, தான் விலைபேசி வாங்காத ஒரு தானியத்தைக் கொண்டு வாரத்தை ஓட்டும் பொறுப்பு மட்டும் பெண்ணிடம் இருந்தது.

அவ்வாரத்தின் அமைப்பை றப்பர் மரமே தீர்மானித்தது எனலாம். விடியற் குளிர்ச்சியிலேயே பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏற ஒழுக்குக் குறையும். ஆதலாற் பால் வெட்டுவோர் பொழுது புலருமுன்பே மரத்தடியில் நிற்றல் வேண்டும். தப்பொலி கேட்குமுன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, சாயத் தண்ணீர் வைத்து, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் பகலுக்கும் சேர்த்து உணவு ஆயத்தம் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பிரட்டுக்கு ஓடுதல் பெண்ணின் காலை. இவையனைத்தும் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அமைந்த ஒற்றைக் காம்பராவிலும் அதன் முன்னுள்ள இஸ்தோப்பிலும் நிகழ்ந்தன. உறங்குமிடமும் சமைக்குமிடமும் ஒன்றே. ஈர விறகின் புகை எவரையும் எழுப்பாமல் விட்டதில்லை. தேயிலைத் தோட்டமாயின் கவ்வாத்து மிலாறு விறகாகும். றப்பர்த் தோட்டமாயின் முறிந்த கிளைகளும் பட்ட மரங்களும். அவற்றைக் கட்டிச் சுமந்து வருவதும் வேலை முடிந்து திரும்பும் பெண்ணின் தலைக்குரிய சுமையே.

இவ்வளவு நெருக்கடியான காலையிற் சோறு எளிதில் அமைவதன்று. அரிசியிற் கல் பொறுக்க வேண்டும். உலை கொதிக்கக் காத்திருக்க வேண்டும். சோற்றுக்குக் கறி வேண்டும். கறிக்கு அம்மியில் அரைத்த கூட்டு வேண்டும். 1942ஆம் ஆண்டு வரை இவ்வேலைகள் அனைத்தும் எவ்வாறோ நடந்தேறின. அவ்வாண்டு யப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது, கூப்பன் வந்தது, அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. மலையகத்தின் மரபுணவு என்று இன்று பலரும் கருதும் ரொட்டியின் தோற்றுவாய் இதுவே. தமிழகத்துக் கிராமத்திலிருந்து மூட்டையிற் கட்டி எடுத்துவரப்பட்ட உணவன்று அது. ஓர் உலகப்போர் தோட்டத்து அடுப்பில் இட்ட உணவு.

போர் முடிந்து அரிசி மீண்ட பின்னரும் ரொட்டி ஏன் நீங்கவில்லை என்பது வினவத்தக்கது. மக்களின் சுவை மாறிவிட்டது என்பது எளிதான விடை. ஆனால் அது போதாது. மாவில் உப்பிட்டு நீர்விட்டுப் பிசைந்து, தடிப்பாகத் தட்டி, சூடேறிய தகரத்திலோ கல்லிலோ போட்டெடுத்தால் உணவு ஆயிற்று. கல் பொறுக்க வேண்டியதில்லை, உலை வேண்டியதில்லை. கறி இல்லாதவிடத்துச் சம்பல் போதும். சம்பலும் இல்லாதவிடத்துச் சாயத் தண்ணீர் போதும். ஒரு ரொட்டியைத் துணியிற் சுற்றி மலைக்கு எடுத்துச் செல்லலாம். பகல் வரை கெடாது. உண்ணக் கலமும் வேண்டா. அடர்த்தியாதலாற் பசியை நெடுநேரம் தாங்கும். சுருங்கக் கூறின், பிரட்டு நேரத்துக்குப் பொருந்திய உணவு ரொட்டியே. பெண்ணின் காலைப்பொழுதில் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்திய காரணத்தாலேயே அது நிலைத்தது; மிச்சப்பட்ட அந்த அரைமணியும் அவளுக்கு ஓய்வாக வாய்க்காமல் மரத்தடிக்கே சென்றது. இதற்கு உடல் செலுத்திய விலையும் உண்டு. மரக்கறியும் மீனும் குறைந்த உணவோடு உடனுக்குடன் பருகும் தேயிலைச் சாயம், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் இயல்புடையது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாக மிகுந்து காணப்பட்டதில் இதற்கும் பங்குண்டு.

எனினும் வாரத்தின் எல்லா நாளும் ரொட்டி நாளல்ல. பால் வெட்டியோர் பாலைச் சேர்த்துத் தொழிற்சாலையில் அளந்து கொடுத்த பின் நண்பகலளவில் ஓரளவு விடுபடுவர்; மாலைவரை மலையில் நிற்கும் கொழுந்து பறிப்போருக்கு இது வாய்ப்பதில்லை. அத்தகைய பிற்பகல்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அடுப்பின் முகம் மாறும். கிராமங்கள் அண்மையில் இருந்தமையால், சபரகமுவ அடுப்பு நுவரெலியா அடுப்பிலிருந்து வேறுபட்டது. பலாக்காய், ஈரப்பலா, மரவள்ளிக் கிழங்கு, தேங்காய் ஆகியன அயலிற் கிடைத்தன. கீரையை அரிந்து தேங்காய்ப்பூவுடன் வதக்கும் மல்லுங், மாசி இடித்துச் சேர்த்த சம்பல் முதலியன சிங்கள அயலாரிடமிருந்து லயத்து அடுப்புக்கு வந்தவை. அரசியலாளர் மேடைகளில் இரு மக்களையும் பிரித்துப் பேசிய காலத்திலும் கறிச்சட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டிருந்தன.

கோதுமை மா அடுப்பை மட்டும் மாற்றவில்லை. ஊசிக்கும் அது வேலை கொடுத்தது. மா வந்தது துணிப்பையில். வெளுத்த பருத்தித் துணி; தையலைப் பிரித்தால் அகலமான ஒரு துண்டு. எழுத்தும் முத்திரையும் மறையுமட்டும் சவர்க்காரமிட்டுத் தோய்த்து, வெயிலில் உலர்த்தி, அதிலிருந்து தலையணை உறை, பிள்ளைகளின் உட்சட்டை, சிறு பாவாடை, ஏணைக்கு விரிப்பு எனத் தைத்தனர். முத்திரை முற்றிலும் மறையாத சட்டையோடு பள்ளி சென்ற பிள்ளைகளும் உண்டு. வெளிநாட்டு மா ஒரே வீட்டில் வயிற்றுக்கு உணவாகவும் முதுகுக்கு உடையாகவும் ஆனது. நெகிழிச் சாக்குகள் துணிப்பைகளின் இடத்தைப் பிடித்தபோது, பொருளியலாளர் எவரும் கவனியாத ஒரு சிறு வருவாய் தோட்டக் குடும்பங்களுக்கு இல்லாது போயிற்று.

தொழிலுக்குரிய உடையும் பெண்ணின் ஊசியிலேயே தங்கியிருந்தது. தேயிலைச் செடியின் முரட்டுக் கிளைகள் சேலையைக் கிழிக்காதிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கு, மழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை இடும் கொங்காணி, நைந்த கம்பளியின் ஒட்டு யாவும் லயத்து இஸ்தோப்பில் தைக்கப்பட்டவை. சாக்குத் தைக்கும் ஊசி வேறு; சேலைக்கு ஒட்டுப் போடும் ஊசி வேறு. ஆயுள் முடிந்த சேலைகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் படுக்கை விரிப்பாகும். சீமந்துத் தரையின் குளிரைத் தாங்கியது அதுவே. இத்தையலுக்குரிய நாளையும் றப்பர் மரமே வகுத்தது. மழை பெய்து மரம் நனைந்தாற் பால் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்குப் பால் வெட்டும் பேர் இல்லை. இரத்தினபுரி மாவட்டமோ மழைக்குப் பெயர்பெற்றது. வேறு வேலை கொடுக்கப்படாத மழைநாளிற் பெண் ஊசியை எடுத்தாள். ஆகவே தைத்து முடித்த துணிகளின் எண்ணிக்கை ஒரு வகையில் இழந்த சம்பளத்தின் எண்ணிக்கையும் ஆகும்.

புதுத் துணிக்குரிய காலம் தீபாவளி. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் கொடகவெல, காவத்தை, இறக்குவானைக் கடைவீதிகளில் துணி வாங்குவர். இரவிக்கையும் காற்சட்டையும் கடைவாசலிற் பொறி வைத்திருந்த தையற்காரரிடம் போகும். சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டதாயினும் லயக் காம்பராவில் தையற்பொறி நெடுங்காலம் அரும்பொருளாகவே இருந்தது. கையூசி பெண்ணிடமும் பொறி ஆணிடமுமாகத் தொழில் பிரிந்தது. பெண்ணின் தையலுக்குக் கூலியில்லை. ஆணின் தையலுக்குக் கூலியுண்டு.

கூலி பற்றிய சட்டங்களும் இப்பிரிவினையை வழிமொழிந்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஏனைய பகுதிகளிலும் பெண்ணின் கூலி ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகவே அமைந்தது. பெண்ணின் தேவை குறைவு என்ற எண்ணம் இதன் பின்னணியில் இருந்தது. வீட்டில் அவள் செய்யும் வேலையின்றி ஆணின் 54 சதத்தைக் கொண்டு ஒரு குடும்பம் உண்டு உடுத்திருத்தல் இயலாது என்பதை அக்கணக்கு கருத்திற் கொள்ளவில்லை. 1984ஆம் ஆண்டில் தொழிற்சங்கப் போராட்டத்தின் பின் ஆண் பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. அது பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சமமாக்கப்பட்டது பேர் போடப்பட்ட வேலைக்குரிய கூலியே.

மாவைச் சார்ந்த வாழ்வு எத்துணை நொய்தானது என்பது எழுபதுகளில் வெளிப்பட்டது. 1966இல் பங்கீட்டு அரிசியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டபோதே தோட்ட அடுப்பு மேலும் மாவின் பக்கம் சாய்ந்திருந்தது. 1973இல் உலகச் சந்தையிற் கோதுமை விலை ஏறி மாவும் அரிதானபோது, வயலோ தோப்போ இல்லாத தோட்ட மக்களுக்குத் திரும்புதற்கு வேறிடம் இருக்கவில்லை. கிராமத்தவருக்கு ஒரு பலாமரமேனும் தமதென இருந்தது. 1974ஆம் ஆண்டில் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியை மிஞ்சி உயர்ந்தது. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் கொண்டு அவ்வாண்டைக் கடத்திய பெண்களின் அறிவு எந்தச் சமையல் நூலிலும் இடம்பெறவில்லை.

பட்டினிக்கு அடுத்து வந்தது பெயர்வு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஒரு சாரார் தலைமன்னார் வழியே இந்தியா சென்றனர். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் வன்செயலுக்கு உள்ளாயின, லயங்கள் எரிந்தன, பலர் வவுனியா முதலிய வடபகுதிகளிற் குடியேறினர். இரவோடிரவாகக் காட்டுக்குள் ஓடுவோர் கையில் எடுத்தவை பிள்ளையும் ஒரு துணிமூட்டையும். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு ஓட இயலாது. ரொட்டி தட்டுதற்கோ ஒரு தகரத் துண்டு எங்கும் கிடைக்கும். வன்னியின் புதுக் குடியிருப்புகளிலும் ரொட்டி தொடர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திருகோணமலையில் பிறிமா மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து மா நாட்டிலேயே அரைபடுகிறது. 1992ஆம் ஆண்டில், தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட அதே ஆண்டில், இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்து இளம்பெண்கள் கொழுந்துக் கூடையை விட்டு ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லலாயினர். தாய் மழைநாளில் மா பையைப் பிரித்துத் தைத்தாள். மகள் நாள் முழுதும் ஒரே சட்டையின் ஒரே ஓரத்தை மின்பொறியில் தைக்கிறாள். அங்கு ஒவ்வொரு மணிக்கும் எத்தனை என்ற கணக்குண்டு. தையல் இவ்வாறு இறுதியிற் பேரேட்டுக்குள் வந்துவிட்டது. விடுமுறைக்கு லயத்துக்குத் திரும்பும் அவளை வைகறையில் எழுப்புவது, இஸ்தோப்பின் ஓரத்தில் எவரோ ரொட்டி தட்டும் ஓசைதான்.