தற்காலிக ஏற்பாடுகள்: பயங்கரவாதத் தடைச் சட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பயங்கரவாதச் செயல்களை ஒடுக்குதற்கென இயற்றப்பட்ட சட்டங்களை ஆராயுமிடத்து, அவற்றின் தலைப்பிலேயே இடம்பெறும் ஒரு சொல் நம் கவனத்தை ஈர்க்கின்றது. 'தற்காலிக' என்பதே அச்சொல். அது நடைமுறையில் எப்பொருள் தந்தது என்பதைப் பிரித்தானியா, இலங்கை ஆகிய இரு நாடுகளின் அனுபவங்கொண்டு இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

1974 நவம்பர் 21 ஆம் நாள் பேர்மிங்காம் நகரின் இரு மதுச்சாலைகளில் வெடித்த குண்டுகள் 21 பேரைப் பலிகொண்டன. வட அயர்லாந்துப் பிணக்கு இங்கிலாந்து மண்ணில் விளைத்த பெருங்கொடுமைகளுள் இதுவும் ஒன்று. எட்டு நாட்களுள் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறிற்று. சந்தேகத்துக்குரியோரை 48 மணித்தியாலமும், அமைச்சரின் அனுமதியுடன் மேலும் ஐந்து நாட்களும் தடுத்துவைக்கும் அதிகாரத்தைப் பொலிசார் பெற்றனர். ஆறு மாத காலத்துக்கென வந்த அவ்வேற்பாடுகள், புதுப்பிக்கப்பட்டும் மீள இயற்றப்பட்டும் கால் நூற்றாண்டு நிலைத்தன. 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிரந்தரச் சட்டமே அவற்றின் இடத்தைப் பெற்றது.

இலங்கையில், 1975 இல் யாழ்ப்பாண நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா கொலையுண்டதன் பின்னர் வடபகுதியில் வன்செயல்கள் தொடர்ந்தன. 1979 இன் 48 ஆம் இலக்கச் சட்டம் அதே தலைப்புடன் தோன்றிற்று. மூன்று ஆண்டுகளுக்கென இயற்றப்பட்ட இது 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளையால் 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்க இச்சட்டம் இடமளித்தது. இக்கால எல்லை 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது 2022 இலேயாம்.

பொலிசாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலை ஏற்காமை இலங்கைச் சான்றுச் சட்டத்தின் பொது விதி. 1979 இன் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. இதன் ஆபத்தைப் பேர்மிங்காம் வழக்கே உணர்த்துகின்றது. பொலிஸ் காவலில் பெற்ற ஒப்புதல்களும் அடங்கிய சான்றுகளைக் கொண்டு 1975 இல் ஆயுட்தண்டனை பெற்ற அறுவர், 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டனர். அவ்வறுவர் தம் வாழ்நாளில் 16 ஆண்டுகளை இழந்தனர். இறந்தோரின் உற்றாருக்கோ நீதி கிட்டிலது.

இலங்கையில் சிறு குழுக்களின் செயலாகத் தொடங்கியது, 2009 வரை நீடித்த போராக விரிந்தது. சட்டமே இதற்குக் காரணம் எனல் மிகையாகும். ஆயின் சட்டம் அதனைத் தடுக்கவில்லை என்பது தெளிவு. அச்சத்தின் வேளையில் அரசுக்கு வழங்கப்படும் அதிகாரம், அச்சம் நீங்கியதும் தானாகத் திரும்புவதில்லை என்பதே நாம் பெறும் முடிபு.