மூங்கில் குழாயும் ஐந்து கிர்ஷும்: வட்டியில்லாச் சேமிப்பின் தொடக்கம்

இஸ்லாமிய உலகின் பொருளாதார வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பொன் தீனாரையும் வெள்ளி திர்ஹமையும் பற்றியே எழுதினர். தீனார் கருவூலத்திலும் பெருவணிகர் பையிலும் இருந்தது. சந்தையில் ஒரு ரொட்டியும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கியவரின் கையில் இருந்தது ‘ஃபல்ஸ்’ என்னும் செப்புக்காசு. அதன் பன்மையான ‘ஃபுலூஸ்’ இன்று அரபுப் பேச்சுவழக்கில் பணம் என்ற பொதுப்பொருளிலேயே வழங்குகிறது. வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பிய நம்மவர் அனைவரும் அறிந்த சொல் அது.

இச்சிறு நாணயத்தைப் பொருட்படுத்தி எழுதிய முன்னோருள் எகிப்திய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி (1364–1442) குறிப்பிடத்தக்கவர். தம் காலத்துப் பஞ்சத்தின் காரணங்களை ஆராய்ந்து 1405 இல் அவர் எழுதிய நூலில், அரசு செப்புக்காசுகளை அளவின்றி வெளியிட்டதையும் முதன்மையான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டினார். செப்பின் மதிப்பு சரிந்தபோது, அதைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதவரே முதலில் வீழ்ந்தனர். சில்லறை ஏழையின் செல்வம். அதற்கு நேர்வது ஏழைக்கு நேர்கிறது.

இக்கால இஸ்லாமிய வங்கியியலின் வரலாற்றையும் பலர் மேலிருந்தே தொடங்குகின்றனர். 1973 இல் எண்ணெய் விலை உயர்ந்தது, 1975 இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் துபாய் இஸ்லாமிய வங்கியும் எழுந்தன என்பதே வழக்கமான முன்னுரை. ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒன்றையொன்று அறியாத இரு நாடுகளில், ஒரே ஆண்டில், சிற்றூர் மக்களின் சில்லறைக் காசுகளைக் கொண்டு இம்முயற்சி தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு 1963.

சேமிப்பும் பதுக்கலும்

பொருளைச் சேர்த்து வைப்பது குறித்து மார்க்க அறிஞரிடையே தொடக்கக் காலத்திலேயே ஆழ்ந்த விவாதம் நடந்துள்ளது. பொன்னையும் வெள்ளியையும் சேர்த்து வைத்து இறைவழியில் செலவிடாதவரைத் திருக்குர்ஆன் (9:34) கடுமையாக எச்சரிக்கிறது. நபித்தோழர் அபூதர் (ரலி) இதன் அடிப்படையில், தேவைக்கு மிஞ்சிய எதையும் வைத்திருக்கலாகாது என்ற நிலைப்பாட்டில் உறுதியாக நின்றார். சிரியாவின் ஆளுநராக இருந்த முஆவியாவுடன் இதன் பொருட்டே அவர் முரண்பட்டார். பின்னர் ரபதா என்னும் ஒதுக்குப்புறத்தில் வாழ்ந்து மறைந்தார். ஜகாத் கொடுக்கப்பட்ட பொருள் பதுக்கலாகாது என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் கருத்து. பெரும்பான்மை அறிஞர் ஏற்றதும் இதுவே.

மறுபுறம், யூசுஃப் அத்தியாயம் (12:47–48) செழிப்பான ஏழாண்டுகளில் விளைந்ததைக் கதிரோடு காத்துவைத்து வறட்சியைக் கடக்கும் திட்டத்தை ஒரு நபியின் அறிவுரையாகவே எடுத்துரைக்கிறது. ஆக, சேர்த்து வைத்தல் தன்னளவில் குற்றமாகாது. எதற்காகச் சேர்க்கிறோம், சேர்த்தது யாருக்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வி புதிய வடிவம் பெற்றது. எகிப்தில் 1901 இல் அஞ்சலகச் சேமிப்பு தொடங்கியபோது, பணத்தைப் போட்ட முஸ்லிம்கள் பலர் அதற்குரிய வட்டியைப் பெற மறுத்தனர். 1904 இல் அதன் விதிகளைத் திருத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. அன்றைய முஃப்தி முஹம்மது அப்துஹு இதில் எந்த அளவுக்கு இசைவளித்தார் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. வட்டிக்கு அஞ்சியவர் வங்கிப் படியேறவில்லை. அவருடைய காசு பானையிலும் தலையணைக்கு அடியிலும் கிடந்தது. அது பாவத்திலிருந்து தப்பியது. ஆனால் எவருக்கும் பயன்படவும் இல்லை.

மலாயா: ஹஜ்ஜுக்காகச் சேர்ந்த காசு

மலாய் மொழியில் ‘தாபுங்’ என்பது மூங்கில் குழாயைக் குறிக்கும். இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியை அறுத்து, காசு நுழையுமளவு ஒரு கீறல் விட்டால் அதுவே உண்டியல். சிற்றூர் மலாய்க் குடும்பங்கள் நெல் விற்ற பணத்திலும் ரப்பர்ப் பால் விற்ற பணத்திலும் மிஞ்சியதை இவ்வாறு சேர்த்தன. நோக்கம் பெரும்பாலும் ஒன்றே: ஹஜ். அக்காலத்தில் கப்பல்கள் பினாங்கிலிருந்து புறப்பட்டன. தமிழ் முஸ்லிம்களுக்கும் நெடுங்காலத் தொடர்புடைய அந்நகரின் அச்சீன் தெரு, ஹஜ் காலத்தில் பயணிகளாலும் பயண முகவர்களாலும் நிரம்பி வழிந்தது.

காசு சேர்ந்தபின்னும் துன்பம் தீரவில்லை. குழாயில் இருந்தது போதாதபோது நிலத்தை விற்றனர், மாட்டை விற்றனர். திரும்பி வந்தபோது ‘ஹாஜி’ என்ற பட்டம் இருந்தது. உழுவதற்கு நிலம் இல்லை. கடமையை நிறைவேற்றியவர் வறியவராகும் இம்முரண்பாட்டைக் கண்டவர் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஸீஸ் (1922–2020). ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை கைலிகள் என்று எண்ணி அவ்வீட்டின் வறுமையை அளக்கலாம் என்று சொன்னவர் அவர். வரவிருக்கும் ஹாஜிகளின் பொருளாதார நிலையைச் சீர்படுத்தும் திட்டமொன்றை 1959 இல் அரசிடம் வைத்தார். வட்டி கலவாத ஒரு பொதுச் சேமிப்பு, அதனைத் தொழிலிலும் நிலத்திலும் முதலிட்டு வரும் இலாபத்தில் பங்கு, பயண ஏற்பாட்டில் உதவி என்பனவே அதன் சாரம்.

மலேசியா என்னும் கூட்டரசு உருவாகி இரு வாரங்கள் கழித்து, 1963 செப்டம்பர் 30 அன்று ஹஜ் சேமிப்புக் கழகம் செயல்படத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர் 1,281 பேர். அவர்கள் போட்ட தொகை ஏறத்தாழ 46,600 வெள்ளி. சராசரியாக ஒருவருக்கு 36 வெள்ளி. 1969 இல் இக்கழகம், பினாங்கில் 1951 முதல் இயங்கிய ஹஜ் அலுவலகத்துடன் இணைக்கப்பட்டது. இன்று ‘தாபுங் ஹாஜி’ என வழங்கும் அமைப்பு இதுவே. மூங்கில் குழாய் மறைந்துவிட்டது. அதன் பெயர் மட்டும், தொண்ணூறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கு வைத்துள்ள நிறுவனத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

எகிப்து: ஐந்து கிர்ஷும் ஓர் ஊரும்

மலாயாவில் அரசு முன்னின்றது. எகிப்தில் ஒரு தனிமனிதரின் முனைப்பே முதலாக இருந்தது. மேற்கு ஜெர்மனியில் பொருளியல் பயின்ற அஹ்மத் அந்நஜ்ஜார், அங்குள்ள உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளைக் கண்டு வியந்தார். அவ்வூர் மக்களின் சிறுசேமிப்பு அவ்வூரின் தொழிலுக்கே முதலாவதை அவர் கவனித்தார். வட்டியை நீக்கிவிட்டு இதனை எகிப்தியச் சிற்றூரில் நட முடியாதா என எண்ணினார்.

நைல் கழிமுகத்தில் உள்ள மீத் கம்ர் நகரில் 1963 ஜூலை 25 அன்று அச்சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. நாஸிர் ஆட்சியில் மார்க்கப் பெயர் தாங்கிய அமைப்புகள் ஐயத்தோடு நோக்கப்பட்டமையால், ‘இஸ்லாமிய’ என்ற சொல்லை அது தன் பெயரில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐந்து கிர்ஷ் கொண்டு வந்தாலும் கணக்கில் சேர்த்தனர். நூறு கிர்ஷ் சேர்ந்ததே ஓர் எகிப்தியப் பவுன் என்பதை நினைவிற் கொண்டால் அதன் சிறுமை புலப்படும். கணக்குகள் மூவகைப்பட்டன. சேமிப்புக் கணக்கில் வட்டியும் இல்லை, இலாபமும் இல்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் வட்டியில்லாச் சிறுகடன் பெறலாம். முதலீட்டுக் கணக்கில் இலாபநட்டப் பங்கு உண்டு. மூன்றாவது ஜகாத் நிதி. அது வறியோருக்கும் இடருற்றோருக்கும் உரியது.

முதலாண்டின் முடிவில் சேமிப்போர் 17,560 பேர், அவர்தம் தொகை 40,944 பவுன். 1966–67 இல் சேமிப்போர் 2,51,152 பேர், தொகை 18,28,375 பவுன். ஒருவருக்குச் சற்றேறக்குறைய இரண்டேகால் பவுனாக இருந்த சராசரி ஏழு பவுனைத் தாண்டியது. ஒரு பயனும் தராத கணக்கில் மக்கள் ஏன் பணம் போட்டனர்? தம் காசு பக்கத்துத் தெருக் கைவினைஞரின் கடனாவதையும், தம் முறை வந்தபோது அதுபோன்ற கடன் தமக்கும் கிடைப்பதையும் அவர்கள் கண்ணாரக் கண்டனர். பானைக்குள் கிடந்தபோது அக்காசுக்கு இந்த ஆற்றல் இல்லை.

ஆயினும் இம்முயற்சி நீடிக்கவில்லை. 1967 இல் அரசு அதனைக் கையகப்படுத்தி, வட்டியடிப்படையில் இயங்கும் அரசுடைமை வங்கிகளின் பொறுப்பில் விட்டது. சேமிப்போர் குறைந்ததால் அது முடிவுறவில்லை. சேமிப்போர் பெருகிய வேளையிலேயே, மேலிருந்து முடிக்கப்பட்டது. வட்டியின்றி இயங்கும் நாஸிர் சமூக வங்கியை அதே எகிப்திய அரசு 1971 இல் நிறுவியது, விதை முற்றிலும் அழியவில்லை என்பதற்குச் சான்று.

அமானிதம்

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. சில்லறையைச் சேர்க்க மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. மூங்கில் குழாயும் மட்பானையும் முன்பே இருந்தன. இல்லாதிருந்தது, அக்குழாயை நம்பிக் கவிழ்க்கத்தக்க ஓர் இடம்.

அந்நம்பிக்கை ஒருமுறை ஈட்டினால் என்றும் நிலைப்பதன்று. தாபுங் ஹாஜியின் பொறுப்புகள் அதன் சொத்துகளை விஞ்சியிருந்தது 2018 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் 1,990 கோடி வெள்ளி மதிப்பில் அதன் சொத்துகளை அரசின் தனி நிறுவனமொன்றுக்கு மாற்றி அதை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. சேமிப்புக்கு அரசின் உத்தரவாதம் சட்டத்திலேயே இருந்தமையால் எளியோர் பணம் அழியவில்லை. ஆனால் ஹஜ்ஜுக்கென வெள்ளி வெள்ளியாகச் சேர்த்தவர் சில நாட்களேனும் அஞ்சி இருந்தனர். பெருமுதலாளியின் நட்டம் கணக்கேட்டில் முடிந்துவிடும். இவர்களின் நட்டம் நிறைவேறாத ஒரு கடமையாக எஞ்சும்.

நம் ஊர் ஜமாஅத்துகள் பலவற்றில் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் வழங்கி வருகின்றன. அவற்றின் வருவாய் பெரும்பாலும் செல்வர் தரும் நன்கொடையும் ஜகாத்துமே. அவற்றின் வாயிலில் ஏழை பெறுபவராகவே நிற்கிறார். மீத் கம்ர் அவரைத் தருபவராகவும் ஆக்கியது. ஐந்து கிர்ஷ் கொண்டுவந்த விவசாயி தம் அண்டை வீட்டாருக்குக் கடன் கொடுத்தவர்களுள் ஒருவரானார். கைப்பேசியில் பணம் செலுத்தும் இக்காலத்தில் உண்டியலில் விழும் நாணயம் அருகி வருகிறது. ஆயினும் வீடுதோறும் மிஞ்சும் சிறுதொகை இன்றும் இருக்கவே செய்கிறது. அதை அமானிதமாக ஏற்று, ஆண்டுதோறும் கணக்கை மக்கள்முன் வைத்து, கேட்டபோது திருப்பித் தரும் பொறுப்பை ஏற்க முன்வருவோர் எத்தனை பேர் என்பதே நம்முன் உள்ள கேள்வி.