பதிவாளர் முன் நின்ற தத்துவம்

1851 மார்ச் 6ஆம் தேதி ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு தாளில் தன் எதிர்ப்பை எழுதி வைத்தார். ஹேரியட் டெய்லரை அவர் மணக்கவிருந்த நேரம் அது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, மணமான கணமே மனைவியின் சொத்தும் நடமாட்டமும் கணவன் கைக்குப் போய்விடும். அந்த அதிகாரம் வேண்டாமென்று மில் சொன்னாலும் சட்டத்தில் அதை உதற வழியில்லை. ஆகவே, எக்காலத்திலும் அதைப் பயன்படுத்த மாட்டேன், மணமே ஆகாதவர்போல ஹேரியட் முழு உரிமையோடு இருப்பார் என்று எழுத்தில் உறுதி கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் முடிந்தது.

மில் 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1858 நவம்பரில் ஹேரியட் இறந்தார். சில மாதங்களில், அவருக்கே காணிக்கையாக்கி, தனிமனித சுதந்திரம் குறித்த தன் நூலை மில் வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரின் வாழ்க்கையில் அரசோ ஊரோ வற்புறுத்தித் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். ‘ஊரோ’ என்பதுதான் இதில் முக்கியம். சட்டத்தைவிட ஊர்வாய் மனிதனை ஆழமாக அடிமைப்படுத்தும் என்பதை மில் கண்டிருந்தார்.

இந்நூலை மிகக் கடுமையாகத் தாக்கியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். இந்தியாவில் வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்து, சாட்சியச் சட்டத்தை வடித்தவர். 1872இல் இங்கிலாந்து திரும்பும் கப்பலிலேயே மறுப்பை எழுதத் தொடங்கினார். மதமும் ஒழுக்கமும் சமூகமும் கட்டாயத்தால்தான் நிற்கின்றன, அச்சத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியும் என்பது அவர் வாதம். தனிமனிதவாதத்தின் மீது இன்றும் வீசப்படும் குற்றச்சாட்டு இதுவே: அது சுயநலம், அது குடும்பத்தைக் கலைக்கும்.

ஆனால் கப்பலேறுவதற்குச் சற்று முன் ஸ்டீஃபன் நிறைவேற்றிய சட்டமே அவருக்குப் பதில் சொல்கிறது. வங்கத்தில் கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தினர் பழைய சடங்குகளைக் கைவிட்டு மணந்தார்கள். அந்தத் திருமணங்கள் செல்லுமா என்ற சந்தேகம் எழுந்தது. நம்பாத சடங்கைச் செய், இல்லையேல் உன் பிள்ளைகளின் வாரிசுரிமை ஆட்டம் காணும் என்ற நெருக்கடி. 1872ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம் ஒரு வழியைத் திறந்தது: பதிவாளரும் மூன்று சாட்சிகளும் இருந்தால் போதும், புரோகிதர் வேண்டியதில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எந்த மதத்தையும் சார்ந்தவரல்ல என்று மணமக்கள் அறிவிக்க வேண்டும் என்ற கடும் நிபந்தனையும் அதில் இருந்தது. அதையும் ஏற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் குடும்பத்தைக் கலைக்க வந்தவர்களல்லர். மனசாட்சியோடு குடும்பம் நடத்த வந்தவர்கள்.

மில்லிடமும் பெரிய குறை உண்டு. தன் கொள்கை ‘பின்தங்கிய’ சமூகங்களுக்குப் பொருந்தாது, அவற்றுக்கு ஓர் அக்பர் கிடைத்தாலே பாக்கியம் என்று அதே நூலில் எழுதினார். அவர் சம்பளம் வாங்கிய நிறுவனம் ஆண்ட நாடும் அந்த விலக்குக்குள்தான் வந்தது. இது தத்துவத்தின் குறையல்ல. அதைப் பாதி உலகத்துக்கு மறுத்த மனிதரின் குறை.

மறுக்கப்பட்டவர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1920களின் இறுதியில் பெரியாரின் இயக்கம் புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணங்களைத் தமிழகத்தில் நடத்தத் தொடங்கியது. அவை செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான தம்பதியரின் நிலை அந்தரத்தில் தொங்கியது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்தே செல்லத்தக்கதாக்கியது. உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில், தெரிந்த மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலியும் கட்டலாம். எது வேண்டும் என்பது அந்த இருவரின் முடிவு.

மதம் கடந்து மணப்பவர்களுக்கு 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன்படி மணமக்களின் அறிவிப்பைப் பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டி, ஆட்சேபத்துக்கு 30 நாள் இடம் தர வேண்டும். வீட்டுக்கும் சாதிக்கும் அஞ்சி வரும் இருவருக்கு அந்த 30 நாள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்க வேண்டும்.