நைலான் துப்பாக்கியின் ஆயுள்

1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 49 டாலர் 95 சென்ட் விலையில் ஒரு துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் நைலான் 66. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். காலிக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். அரைத் தானியங்கி என்று சொல்லப்படும் வகை இது. .22 அளவுத் தோட்டாவைச் சுடும் இத்தகைய துப்பாக்கிகள் அமெரிக்கர்களுக்குப் புதியவை அல்ல. இதன் உடல்தான் புதிது. தோளில் வைக்கும் கட்டை வழக்கமாக மரம். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டும் சுருள்வில்லும் விசையும் அடங்கியிருக்கும் ரிசீவர் என்ற நடுக்கூடு வழக்கமாக இரும்பு. நைலான் 66இல் இவை இரண்டும் சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் உடலாகிவிட்டன. இரும்பும் வால்நட் மரமும் சேர்ந்ததுதான் துப்பாக்கி என்று தலைமுறை தலைமுறையாக நம்பிய மக்களிடம் இதை விற்பது பெரிய துணிச்சல். பிளாஸ்டிக் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. பாலிமர் எனப்படும் பிளாஸ்டிக்கில் ரிசீவர் கொண்ட மலிவு விலைத் துப்பாக்கி ஒவ்வொன்றையும் அதே கேள்வி இன்றும் துரத்துகிறது. ஒரு துப்பாக்கியின் ஆயுளைப் பிளாஸ்டிக்கா இரும்பா என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதுதான் இந்த வரலாறு காட்டும் உண்மை. எந்தப் பொருளிடம் எந்த வேலையைக் கொடுத்தார்கள், செலவை எந்த இடத்தில் குறைத்தார்கள் என்ற இரண்டையும் பார்த்தால்தான் அது தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் கூலி ஏறிக்கொண்டே போனது. மரக்கட்டையைக் கடைந்து, உள்ளே இரும்புப் பாகங்கள் அச்சாகப் பொருந்தும்படி குடைந்து, தேய்த்து, மெருகேற்றுவதற்கு நேரமும் பிடித்தது, தேர்ந்த கைகளும் தேவைப்பட்டன. இரும்பு ரிசீவரைக் கடைசல் இயந்திரங்களில் செதுக்கி எடுப்பதும் அப்படித்தான். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஒரு துப்பாக்கி வேண்டுமென்றால் இந்த இரண்டு செலவையும் வெட்டியாக வேண்டும். ரெமிங்டனுக்கு அதற்கு ஒரு வழி இருந்தது. 1933 முதல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கு டூபாண்ட் கையில் இருந்தது. 1935இல் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கியது அதே டூபாண்டின் ஆய்வுக்கூடத்தில்தான். பெண்களின் காலுறையாக உலகெங்கும் பரவிய அந்த இழை, வார்க்கக்கூடிய கெட்டிப் பிளாஸ்டிக்காகவும் வளர்ந்திருந்தது. ரெமிங்டன் டூபாண்டிடம் ஒரு நீண்ட தேவைப் பட்டியலைக் கொடுத்தது. எந்த வடிவிலும் வார்க்க வரவேண்டும். அடியையும் வளைவையும் தேய்மானத்தையும் தாங்க வேண்டும். வெயிலிலும் கடுங்குளிரிலும் உருமாறக் கூடாது. எண்ணெயோ கரைப்பானோ அரிக்கக் கூடாது. பூஞ்சையும் பூச்சியும் எலியும் அண்டக் கூடாது. நிறம் மங்கக் கூடாது. மசகு எண்ணெய் இல்லாமலே வழுக்க வேண்டும். டூபாண்ட் கொடுத்த விடை ஸைடெல் 101 என்ற நைலான். முதலில் என்னென்ன தாங்க வேண்டும் என்று எழுதிவைத்து, பிறகு அதற்கேற்ற பொருளைத் தேடினார்கள். பின்னாளில் வந்த மலிவுத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு இந்த வரிசை வாய்க்கவில்லை.

இந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தால் வடிவமைத்தவர்களின் நிதானம் புரியும். உடல் இடப்பாதி, வலப்பாதி என இரண்டாக வார்க்கப்பட்டு நடுவில் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்பக்கம் நைலானிலேயே அமைந்த பள்ளங்களில் எஃகு போல்ட் முன்னும் பின்னும் ஓடுகிறது. நைலான் தானே வழுக்கும் பொருள் என்பதால் அங்கே எண்ணெய் தேவையில்லை; எண்ணெய் இல்லாத இடத்தில் தூசியும் வெடிமருந்துக் கரியும் குழம்பாகிப் பிடிப்பதும் குறைவு. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பொறுப்பு நைலானுக்குத் தரப்படவே இல்லை. அது எஃகுக் குழலுக்கும் போல்ட்டுக்கும் உரியது. .22 தோட்டா சதுர அங்குலத்துக்கு அதிகபட்சம் 24,000 பவுண்டு அளவுக்கு அழுத்தம் தருகிறது. போல்ட்டின் எடையும் வில்லின் விறைப்பும் அதற்குப் போதும், சுடும்போது போல்ட்டைப் பூட்டிவைக்கத் தேவையில்லை. மேலே எஃகு ரிசீவர்போலத் தெரிவது உண்மையில் மெல்லிய தகட்டு மூடிதான். வாங்குபவரின் கண்ணுக்குப் பழகிய தோற்றம் வேண்டும் என்பதும் அதை வைத்ததற்கு ஒரு காரணம். ஆக, உருவம் தருவதும், பாகங்களை இடத்தில் பிடித்துவைப்பதும், உராய்வைக் குறைப்பதும் நைலானின் வேலை. அழுத்தமும் சூடும் எஃகின் பாடு. துப்பாக்கியின் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு.

இது தாங்கும் என்று காட்ட ரெமிங்டன் எடுத்த முயற்சி துப்பாக்கி உலகில் இன்றும் பேசப்படுகிறது. 1907இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஆட் டாப்பர்வெயின் என்ற குறிபார்ப்பாளர், வானில் எறிந்த 72,500 சிறு மரக்கட்டைகளைச் சுட்டு ஒன்பதை மட்டும் தவறவிட்டிருந்தார். 1959இல் அந்தச் சாதனையை முறியடிக்க ரெமிங்டனின் ஊழியர் டாம் ஃப்ரை நைலான் 66ஐ எடுத்துக்கொண்டு 1,00,010 கட்டைகளைச் சுட்டார். ஆறு மட்டுமே தப்பின. இதற்கு எழும் மறுப்பு நியாயமானது. சுட்டவர் கம்பெனி ஆள். அந்த நிகழ்ச்சியே விளம்பரத்துக்காக நடந்தது. பயன்படுத்திய துப்பாக்கியும் ஒன்றுக்கு மேல். இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு செய்தி மிஞ்சுகிறது. சாதாரணமாக ஒருவர் பல ஆண்டுகளில் சுடும் எண்ணிக்கையைச் சில நாட்களில் சுட்டுத் தள்ளும்போது, போல்ட் ஓடும் பள்ளம் தேய்ந்திருந்தாலோ உடல் விரிந்திருந்தாலோ, அது அப்போதே வெளிப்பட்டிருக்கும். ஆனாலும் சில நாட்களின் சாதனை நெடுங்கால உழைப்புக்குச் சான்றாகிவிடாது. வெயிலும் மழையும் அலட்சியமும் சேர்ந்து செய்யும் சேதம் அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை.

நெடுங்காலச் சான்று பயன்படுத்தியவர்களிடமிருந்துதான் வர வேண்டும். 1959 முதல் 1980களின் இறுதிவரை பத்து லட்சத்துக்கும் அதிகமான நைலான் 66 விற்றன. அலாஸ்காவிலும் ஆர்க்டிக் பகுதியிலும் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். அந்தக் குளிரில் மசகு எண்ணெய் தடித்துப்போய் சாதாரணத் துப்பாக்கி திணறும். எண்ணெயே வேண்டாத துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஈரத்தில் மரக்கட்டை ஊதும், உலரும்போது வெடிக்கும்; படகிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் கிடந்து அடிபடும் நைலானுக்கு அந்தக் கதி நேர்வதில்லை. பிழைத்த துப்பாக்கிகள்தான் நம் கண்ணில் படுகின்றன, உடைந்தவை குப்பைக்குப் போயிருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அதே விதி அதே காலத்து மரத் துப்பாக்கிகளுக்கும் பொருந்துமே. பராமரிக்க யாரும் அக்கறை காட்டாத மலிவு விலைத் துப்பாக்கிகளில் அறுபது ஆண்டு கழித்தும் சுடும் நிலையில் இத்தனை நைலான் 66 புழங்குவது, பொருளின் மீதிருந்த சந்தேகம் அளவுக்கு மீறியது என்பதைக் காட்டுகிறது.

குறைகளும் இருந்தன. தொலைநோக்கியைப் பொருத்தும் தவாளிப்பு அந்த மெல்லிய தகட்டு மூடியின் மேல் இருந்ததால் குறி கொஞ்சம் நகர்ந்துவிடும் என்ற புகார் ஓயவில்லை. ஒருமுறை பிரித்தவர் மறுபடி பூட்டத் தவித்தார். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இம்மியளவு பெருக்கும் குணமுடையது. துல்லியப் போட்டிக்கான துப்பாக்கிக்கு அது ஆகாது. இவையெல்லாம் துல்லியமும் வசதியும் சார்ந்த குறைகள், உடல் உடைந்துபோகும் குறைகள் அல்ல. அணிலும் முயலும் வேட்டையாடுபவருக்கு அந்தச் சிறு பிசகு பொருட்டல்ல. வடிவமைத்தவர்கள் துப்பாக்கியின் வேலை எல்லையை அறிந்து அதற்குள் நின்றார்கள்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் ராணுவத்தின் ஜி36 சாட்சி. இது மலிவு விலைத் துப்பாக்கியும் அல்ல, அரைத் தானியங்கியும் அல்ல. ஆனால் ரிசீவர் கண்ணாடி இழை கலந்த பாலிமர், குழல் அதற்குள்தான் அமர்ந்திருந்தது. அது சுடும் தோட்டாவின் அழுத்தம் .22இன் இரு மடங்குக்கும் மேல். தொடர்ந்து சுட்டுச் சூடேறும்போது குண்டு குறியை விட்டு விலகுகிறது என்ற சர்ச்சை பெரிதாகி, 2015இல் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபான் டெர் லையன் அன்றைய வடிவில் அதற்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். தயாரித்த ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனமோ ஒப்பந்தத்தில் கேட்டபடியே செய்துகொடுத்தோம் என்றது. 2016இல் கோப்லென்ஸ் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிளாஸ்டிக்கின் தோல்வி என்று இதைச் சுருக்கிவிடலாகாது. லேசான துப்பாக்கி கேட்டு வாங்கியவர்கள், அது எவ்வளவு சூட்டில் எவ்வளவு துல்லியம் காட்ட வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிவைக்கவில்லை என்பதுதான் வழக்கின் சாரம். ரெமிங்டன் டூபாண்டிடம் கொடுத்த பட்டியலின் அருமை இங்கேதான் புலப்படுகிறது.

மலிவுச் சந்தையிலும் இதே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. ரெமிங்டனே 1990களில் பாலிமர் ரிசீவரோடு 522 வைப்பர் என்ற .22 துப்பாக்கியை விற்றது. பழைய பேரை அதனால் எட்ட முடியவில்லை, சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளுக்குச் சிலர் விசை அடங்கிய கீழ் ரிசீவரைப் பாலிமரில் செய்து குறைந்த விலைக்கு விற்றார்கள். அலுமினியத்துக்காக வரையப்பட்ட வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்ததுதான் அதில் நேர்ந்த தவறு. பின்னால் தோள்கட்டைக் குழாய் திருகி நுழையும் மெல்லிய வளையம் அலுமினியத்தில் தாங்கும். பிளாஸ்டிக்கில், துப்பாக்கி தரையில் விழுந்தால் விரிசல் முதலில் விடுவது அங்கேதான். இதற்கு மாறாக கேவல்ரி ஆர்ம்ஸ் நிறுவனத்தின் கேவ்-15, பிறகு கேஇ ஆர்ம்ஸின் கேபி-15 இரண்டிலும் ரிசீவரும் கைப்பிடியும் தோள்கட்டையும் ஒரே உடலாக வார்க்கப்பட்டன. பலவீனமான வளையமே அங்கே இல்லாமல் போனது. நைலான் 66 காட்டிய வழிக்கே நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார்கள் என்று சொல்லலாம்.

அவ்வளவு உழைத்த துப்பாக்கி என்றால் ஏன் நின்றுபோனது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 1964இல் அலுமினிய ரிசீவரும் மரக்கட்டையுமாக வந்த ரூகர் 10/22, பாகங்களை எளிதாக மாற்றிக்கொள்ளும் வசதியால் அதே விலைச் சந்தையை மெல்லக் கைப்பற்றியது. நைலான் 66இன் உடலில் உரிமையாளர் மாற்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ரெமிங்டன் நிறுத்திய பின் அச்சுகள் பிரேசிலின் சிபிசி நிறுவனத்துக்குப் போய் அங்கும் கொஞ்ச காலம் உற்பத்தி நடந்தது. விற்பனை நின்றது சந்தையின் கணக்கு. உழைப்பு நின்றது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. 10/22இன் விசைக்கூடும்கூடப் பின்னாளில் பாலிமருக்கு மாறியது.

மலிவில் இரண்டு வகை உண்டு. செய்யும் உழைப்பைக் குறைத்து வரும் மலிவு ஒன்று. சோதனையையும் சிந்தனையையும் குறைத்து வரும் மலிவு மற்றொன்று. நைலான் 66 முதல் வகை. ஆய்வுக்கு முன்கூட்டியே தாராளமாகச் செலவழித்து, பிறகு ஒவ்வொரு துப்பாக்கியிலும் கூலியை மிச்சப்படுத்தினார்கள். இரண்டாம் வகை, இரும்பில் செய்தாலும் பிளாஸ்டிக்கில் செய்தாலும் நெடுநாள் தாங்காது. விலை குறைந்த எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அது எதில் செய்தது என்று கேட்பதற்கு முன், செலவை எங்கே குறைத்தார்கள் என்று கேளுங்கள். அதன் ஆயுளைப் பெரும்பாலும் அந்த விடையே சொல்லிவிடும்.