மில்லர்ஸ் சாலையில் பிறந்த ஊமைப்படம்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்திலிருந்து தொடங்குவதே நம்மில் பலருக்கு வழக்கம். அதற்கும் பல்லாண்டுகள் முன்பே, முதல் உலகப்போர் நிகழ்ந்த காலத்தில், சென்னைப் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு படக் கம்பெனி தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. ‘இந்தியா பிலிம் கம்பெனி’ என்பது அதன் பெயர். அதனை நிறுவியவர் வேலூரில் 1885இல் பிறந்த ஆர். நடராஜ முதலியார்.

அவர் கலைஞர் அல்லர். மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்ற வணிகர். தாதாசாகேப் பால்கேயின் படங்களைக் கண்டு ஆர்வம் மிகுந்து, பூனாவிலிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவைக் கற்றார். பம்மல் சம்பந்த முதலியாரின் ஆலோசனையோடு அவர் எடுத்த முதற்படம் ‘கீசக வதம்’. பேச்சில்லாப் படத்திற்குப் பாரதக் கதையைத் தெரிந்தெடுத்தது நல்ல வணிக அறிவு என்பேன். விராட நகரில் திரௌபதி பட்ட துயரைத் தெருக்கூத்தில் கண்டறிந்த மக்களுக்குத் திரையில் எவரும் விளக்கவேண்டியதில்லையே! ஆயினும் காட்சிகளுக்கிடையே ஆங்கிலம், தமிழ், இந்தி மொழிகளில் எழுத்து அட்டைகள் காட்டப்பட்டன. இந்தி வாசகங்களை எழுதியவர் காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி என்பர்.

மின்விளக்கின் துணையின்றி, மேலே வெள்ளைத் துணி கட்டி, வடிந்துவரும் பகலொளியிலேயே படம் பிடித்தனர். சென்னையின் வெப்பம் படச்சுருளைக் கழுவ ஏற்றதன்று. ஆகவே பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, வாரந்தோறும் முதலியாரே அங்குச் சென்று சுருள்களைக் கழுவித் திரும்பினார். தயாரிப்பாளர், இயக்குநர், ஒளிப்பதிவாளர் என எல்லாப் பணியும் அவருடையதே. ஏறத்தாழ 35,000 ரூபாய் செலவில் உருவான அப்படம் ஆதாயமும் தந்தது.

அடுத்து எடுத்த ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ படத்தில் ஆங்கிலோ இந்தியப் பெண்ணொருவர் திரௌபதியாக நடித்தார். குடும்பப் பெண்கள் நடிக்க முன்வராத காலம் அது. ‘லவகுசா’, ‘மார்க்கண்டேயா’ முதலிய படங்களும் தொடர்ந்தன. தீ விபத்தும் மகனின் மறைவும் முதலியாரை நிலைகுலைத்தன. 1923இல் கம்பெனி முடிவுற்றது.

அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் வாழ்ந்தார், 1971இல் மறைந்தார். அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. பேணாவிடில் தானே சிதைந்துவிடும். மறைந்த தமிழ் நூல்களுள் சிலவற்றின் பாடல்களையாவது உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காத்துத் தந்தனர். அவ்வாறு காப்பார் இப்படங்களுக்கு வாய்க்கவில்லை. ‘கீசக வதம்’ படத்தின் ஒரு சுருள்கூட இன்று இல்லை.